அந்த வேப்பமரத்தை வெட்ட நான் ஆள் பிடித்துத் தரமாட்டேன்

நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் படியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவச் செல்வங்கள் நேரமில்லாவிட்டாலும் படியுங்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மாணவன் போன் செய்தான். பெயர் சொல்லப் போவதில்லை. அவனோடு படித்தவர்கள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள்; தயவுசெய்து கமெண்டில் போட்டுவிடாதீர்கள். பத்து வருடமாக மெல்போர்னில் இருக்கிறான். நல்ல பையன். போன வருடம் ஆகஸ்டில் இருந்து டிசம்பர் வரை நான் அங்கே மகள் வீட்டில் இருந்தபோது இரண்டு முறை காரில் வந்து கூட்டிப்போய் விருந்து வைத்தவன். அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

"சார், நம்மூரு வீட்டு வாசல்ல இருக்குற வேப்பமரத்த எடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க. தெரிஞ்ச ஆளு இருந்தாச் சொல்லுங்க சார். மரத்த எடுத்துட்டு முன்னால பூராவும் பேவர் பிளாக் போட்டுட்டா சுத்தமா இருக்குமுங்க."

எதற்கு என்று கேட்டேன். இலை கொட்டுகிறது, காக்கா எச்சம் காரில் விழுகிறது, குடியிருப்பவர்கள் குறை சொல்கிறார்கள் என்றான். "பாத்துச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி முகநூலைத் திறந்தால் அவன் பதிவுதான் முதலில் வந்தது. அவன் வீட்டுக் கொல்லையில் எடுத்த கிளிகள். ரெயின்போ லோரிகீட். நீலத் தலை, ஆரஞ்சு நெஞ்சு, பச்சை முதுகு. கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளிகூடத் தெரிகிற படம். கீழே எழுதியிருந்தான்: "தினமும் காலையில் என்னோடு காபி குடிப்பவர்கள். நம்ம திருப்பூரில் இதற்கெல்லாம் கொடுத்து வைக்கவில்லை. அங்கே சாயத்தண்ணியும் கொசுவும்தான்." நூற்றுக்கணக்கில் லைக். அதில் என்னுடையதும் ஒன்று. படம் அப்படி. வரியைப் பிறகுதான் படித்தேன்.

இந்தப் பதிவு அந்த வரிக்குப் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் போய் பறவை பார்ப்பதையும் படம் எடுப்பதையும் நான் கேலி செய்யவில்லை. நானே அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன், அறுபத்து நான்கு வயதில். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் எனக்கு அந்தக் கொல்லைதான் கதி. முதல் நாள் சாம்பல் உடம்பும் மஞ்சள் அலகும் கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் பட்டையுமாக ஒன்று வந்து உட்கார்ந்து கத்தியது. அடடா, நம்மூர் மைனா என்று சந்தோஷப்பட்டு ஒரு பிடி சோறு வைத்தேன். பேத்தி சிரித்தாள். அது மைனா இல்லையாம், 'நாய்சி மைனர்' என்கிற அந்த நாட்டுப் பறவையாம். நிஜமான மைனா இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்குச் சோறு வைக்கக் கூடாது என்றாள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வசந்த காலத்தில் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காப்பாற்ற, தெருவில் போகிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து வரும். சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டில் முள்ளம்பன்றி மாதிரி பிளாஸ்டிக் கட்டுகளை நட்டுக்கொண்டு போகிறார்கள். அதைத் துரத்தவோ கூட்டைக் கலைக்கவோ யாரும் நினைக்கவில்லை. தெருவை மாற்றிப் போகிறார்கள். அக்டோபரில் நாடு முழுக்கக் கொல்லைப் பறவைகளை எண்ணுகிறார்கள், 2014-இலிருந்து. இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்து, பார்த்ததைப் பதிய வேண்டும். பேத்தி எண்ணினாள், நான் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதினோரு பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். 'பறவைகள் வலசை போதல்' பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! சைபீரியா, ஆர்க்டிக் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். எங்கள் பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில், ஊத்துக்குளி ரோட்டில், சர்க்கார் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. ஒரு வகுப்பைக்கூட நான் அங்கே கூட்டிப்போனதில்லை. போர்ஷன் முடிய வேண்டும், ரிசல்ட் வர வேண்டும், பஸ்ஸுக்கு யார் கையெழுத்துப் போடுவது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் என் மாணவன் "நம்மூரில் ஒன்றுமில்லை" என்று எழுதினால், அந்த 'ஒன்றுமில்லை'யில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மீதிப் பாதிக்கும் அவன் மேல் பழி போட முடியாது. அவன் அப்பா ஓவர்லாக் டைலர், அம்மா செக்கிங். வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை ராத்திரி சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, கறி எடுத்து, தூங்கினால் நாள் முடிந்தது. முழுப்பரீட்சை லீவில் இவனும் ஒரு பவர்டேபிளில் கைமடிக்கப் போனான். ஒன்பதாம் வகுப்பில் விரலில் ஊசி ஏறிக் கட்டுப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பையனிடம் போய் "ஏன் தம்பி வாலாட்டிக் குருவியைப் பார்க்கவில்லை" என்று கேட்டால் அது அயோக்கியத்தனம். பறவை பார்க்க முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். உட்கார ஒரு கொல்லை வேண்டும். பக்கத்தில் பெயர் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மெல்போர்ன் அவனுக்கு இந்த மூன்றையும் கொடுத்தது. பறவையை மெல்போர்ன் கொடுக்கவில்லை. பறவை இங்கேயும் இருந்தது.

எவ்வளவு இருந்தது? 2022-இல் தமிழக அரசு நஞ்சராயன் குளத்தை மாநிலத்தின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் ஏறியது. சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று அர்த்தம். சுமார் 125 ஹெக்டேர். அந்த அறிவிப்பின்போது மத்திய அரசு கொடுத்த கணக்கில் 191 வகைப் பறவைகள், 87 வகைப் பட்டாம்பூச்சிகள். பனியன் கம்பெனிகளுக்கு நடுவில்! நல்லாறு ஊரைக் கடந்து அந்தக் குளத்துக்குப் போகும்போது எதையெல்லாம் சுமந்துகொண்டு போகிறது என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் பறவை வருகிறது. இமயமலையைத் தாண்டிப் பறக்கிற வரித்தலை வாத்து அங்கே இறங்கியிருக்கிறது. இந்தக் குளத்தை இன்றைக்கும் குளமாக வைத்திருப்பதில் நம்மூர்ப் பறவை ஆர்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனி நடத்துகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பையன்கள் என்று பல பேர். "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க சார் தெரியுது" என்கிற பேச்சை இனி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

சாயத்தண்ணீர் பொய்யா? பொய் இல்லை. நொய்யல் என்ன ஆனது, ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவன் நான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன கதை அது. அதைப் பற்றிக் கோபமாக எழுதுங்கள், முதல் ஆளாகப் பகிர்கிறேன். ஆனால் "அங்கே சாயத்தண்ணிதான்" என்பது கோபம் இல்லை, கை கழுவுவது. அந்தச் சாயத்தில் முக்கியெடுத்த துணியைத் தைத்த கூலியில்தான் அவனும் படித்தான், என் சம்பளத்தில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் படித்தார்கள். கெட்டுப்போன பாதியை மட்டும் ஊர் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருக்கும் பாதியை மரமறுக்கும் மிஷின் வைத்து அறுப்பது என்ன நியாயம்?

இப்போது மைனா விஷயம். மெல்போர்னில் மைனாவை யாருக்கும் பிடிக்காது. 'இந்தியன் மைனா' என்றுதான் அதற்குப் பெயர், சொல்லும்போதே உதடு கோணும். காய்கறித் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1862-இல் வெள்ளைக்காரர்களே கொண்டுபோய் விட்டது. அது பூச்சியோடு நிற்கவில்லை. பெருகியது, மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டது, அந்த நாட்டுக் கிளிகளை விரட்டியது. சில ஊர்களில் கூண்டு வைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று 2000-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று மைனா. இன்னொன்று நம் வாசலில் உட்காருகிற கொண்டைக்குருவி. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சங்கடமாக இருந்தது. நம்மூரிலிருந்து போனதுதானே. நானும்தானே போயிருந்தேன்.

இதைச் சொல்லக் காரணம் மரப்பொந்து. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி கிடையாது. யூகலிப்டஸ் மரத்தில் பொந்து தானாக விழ நூறு வருடம்கூட ஆகும். பழைய மரங்களை வெட்டித் தள்ளிவிட்டதால் பொந்துக்குப் பஞ்சம். அதனால் பலகைப் பெட்டி செய்து மரத்தில் மாட்டுகிறார்கள். என் மாணவன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. டாலர் கொடுத்து வாங்கி, ஏணி போட்டு ஏறி, மைனா நுழைய முடியாதபடி வாசலில் ஒரு பலகை வைத்து அடித்திருக்கிறான். அதை எனக்குக் காட்டியபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை மறக்கவில்லை. அங்கே பல நகராட்சிகளில் பெரிய மரத்தை, சொந்த வீட்டில் இருந்தாலும், அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. அதையும் அவன்தான் சொன்னான். "அதுதாங்க சார் நாடு" என்றான்.

சரி, அவன் வீட்டு வேப்பமரத்தைப் போய்ப் பார்ப்போம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் அப்பா வைத்த மரம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து வாளியில் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. இப்போது வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. புருஷன் நிட்டிங் கம்பெனியில். மரத்தில் தூளி கட்டி, குழந்தை தூங்குகிறது. இலை கொட்டுவதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சிரமமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் கேட்டதே புரியவில்லை. மொழியால் இல்லை, கேள்வியே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானம் இந்த நிழல் இல்லாவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடியாது என்றாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குறை சொன்னது யார் என்று விசாரித்தால், வாடகை வசூலித்துத் தரும் புரோக்கர். அவர் கார்தான் மரத்தடியில் நிற்கிறது.

பெரிய பெண், ஆறு ஏழு வயதிருக்கும், என் கையைப் பிடித்து இழுத்து மரத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் மேலே காட்டினாள். பழைய கிளை ஒடிந்த இடத்தில் பொந்து. அதன் வாயில் இரண்டு புள்ளி ஆந்தைகள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் பாதிக் கண்ணை மூடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. தலையை மேலும் கீழும் ஆட்டின. அந்தப் பெண்ணும் ஆட்டிக் காட்டினாள்.

அங்கே பெட்டி செய்து மாட்டுகிறான், இங்கே பொந்தோடு மரத்தை எடுக்கச் சொல்கிறான். இதற்குமேல் நான் என்ன வாதம் செய்ய?

இருந்தாலும் செய்கிறேன், ஏனென்றால் இவன் ஒருவன் இல்லை. வெளிநாட்டுப் பணத்தில் நம்மூரில் எழும்புகிற வீடுகளைப் பாருங்கள். தெருவில் இருந்து வாசற்படி வரை ஒரு சாண் மண் கிடையாது. பஞ்சுருட்டான் என்று ஒரு பச்சைக் குருவி, கரண்ட் கம்பியில் உட்கார்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். பஞ்சு விளைந்த பூமிக்குப் பொருத்தமான பெயர். அது மண்ணில் வளை தோண்டித்தான் முட்டையிடும். பேவர் பிளாக்கில் எங்கே தோண்டும்? காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு இருக்கிறதே, மாடு மேய்க்க விட்ட காடு, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். கவுதாரிக்கும் காடைக்கும் வானம்பாடிக்கும் அதுதான் வீடு. சைட்டாகப் பிரித்ததும் முதல் வேலையாகக் கிளுவையைப் பிடுங்கிவிட்டு ஹாலோ பிளாக் காம்பவுண்டு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள்தான். லீவுக்கு வந்தால் ஒரு மயிலைப் படம் எடுத்து "என் மண்" என்று போடுகிறார்கள். மயில் கூட்டம் தக்காளிச் செடியை என்ன செய்கிறது என்று அந்தக் காட்டுக்காரரைக் கேட்டால் அவர் வேறு படம் காட்டுவார்.

பெயர் தெரியாததற்கு மன்னிப்பு உண்டு, இப்போது கற்றுக்கொண்டால். க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்று ஒரு புத்தகமே தொகுத்தார். தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் தமிழில் எவ்வளவோ எழுதியிருக்கிறார். மா. கிருஷ்ணன் தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். லட்ச ரூபாய் லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவோம். தமிழ்நாட்டில் 2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று பார்த்து, இ-பேர்டில் ஏற்ற வேண்டும். மெல்போர்னில் இருபது நிமிடம் எண்ணுகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஊரில் அப்பா அம்மா இருந்தால் அவர்களை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, நீங்கள் அங்கிருந்தே ஏற்றலாம். வாராவாரம் வீடியோ காலில் "அப்புறம், சாப்பிட்டாச்சா" என்பதற்குப் பிறகு பேச ஒரு விஷயமாவது கிடைக்கும்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு நான் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒடிசாப் பெண் குழந்தை உதவிக்கு. காக்கை ஒன்பது. மைனா நான்கு, இங்கே யாரும் அவற்றைத் திட்டவில்லை. கொண்டைக்குருவி இரண்டு. தவிட்டுக்குருவி ஏழு, ஏழும் ஒரே சண்டை. குயில் ஒன்று, செம்போத்து ஒன்று, வால்காக்கை ஒன்று. தேன்சிட்டு இரண்டு. பக்கத்துச் செம்பருத்திச் செடியில் தையல்சிட்டு ஒன்று. இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற குருவிக்கு இந்த ஊரை விட்டால் வேறு எந்த ஊர்? புள்ளி ஆந்தை இரண்டு, பொந்திலேயே.

கடைசியாக ஒன்று. வேலியோரப் புதருக்குள் 'செக், செக்' என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பத்து நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு நொடி வெளியே வந்தது. பழுப்பு நிறம், அழகென்று சொல்ல எதுவும் இல்லை. நாணல் கதிர்க்குருவி, பிளைத் என்கிற வெள்ளைக்காரர் பெயரில் அழைக்கப்படுவது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ரஷ்யா பக்கத்திலிருந்து வருகிறது. குளிர்காலம் முழுக்க இந்தப் புதரிலேயே இருந்துவிட்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிப் போகும். படத்துக்கு லாயக்கில்லாத பறவை. நான் எடுத்ததில் வேப்ப இலைதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தையும், ஆந்தைகளின் படத்தையும், பட்டியலையும், தூளியில் தூங்கும் குழந்தையின் படத்தையும் (தாயிடம் கேட்டுத்தான் எடுத்தேன்) அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தம்பி, இலை கூட்ட ஆள் வேண்டுமானால் சொல்லு, நானே வாரத்தில் ஒரு நாள் வந்து கூட்டுகிறேன். புரோக்கர் காரை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரியும் போட்டேன். நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன. மூன்று நாளாகப் பதில் இல்லை. மரமேறுகிற ஆளின் நம்பர் என்னிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தரமாட்டேன் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்.